சோளகத்தில் எந்தக் கரை?

ஆகஸ்டில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒன்பது பேர் யாழ்ப்பாணம் வருகிறீர்கள். நெடுந்தீவில் ஒரு கிழமை தங்கி எல்லோரும் சேர்ந்து கைட்சர்ஃபிங் (கைட் என்ற பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடுவது) பழக வேண்டும். எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கு முன்பே கொஞ்சம் பழக்கம், ஐந்து பேர் புதியவர்கள், கூடவே 12 வயது மகன், 62 வயதுப் பெரியம்மா என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கடற்கரையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: வயதும் பலமும் பழக்கமும் ஒன்றுக்கொன்று வேறான ஒன்பது பேர், ஒரே காற்றில், ஒரே கிழமையில், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் சந்தோஷமாக இருந்துவிட்டு வர முடியுமா? முடியும். ஆனால் நெடுந்தீவில் தங்கி அல்ல.

நான் குருநகர்க்காரன். அப்பா பரவைக்கடலில், அதாவது ஊரை ஒட்டிய ஆழமில்லாத கடலில், வலை போட்டவர். கைட் பழகியது புத்தளம் பக்கத்துக் கற்பிட்டியில். பிறகு அங்கேயே படிப்பித்தேன். இப்போது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பழக்குகிறேன். பதினொரு வருடமாகிறது. கீழே காற்றையும் கரையையும் பற்றிச் சொல்பவை நான் உறுதியாக நின்று சொல்லக்கூடியவை. உடம்பு, வருத்தம் பற்றி வரும் இடத்தில் நான் வெறும் பயிற்சியாளன், வைத்தியர் அல்ல. அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காற்று. எங்கள் ஊரில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோளகம். தென்மேல் பருவக்காற்று வீசும் காலம் முழுவதையும் கடற்தொழிலாளர் பேச்சில் சோளகம் என்றே சொல்லிவிடுவார்கள். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை அது நிற்கும். ஆகஸ்டில் நீங்கள் சந்திக்கப்போவது அதைத்தான். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப்போட்டியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது வாடைக்காலம். அங்கே கரையில் நிற்பவருக்குக் காற்று கடலிலிருந்து முகத்தில் அடிக்கும். அதே இடத்தில் ஆகஸ்டில் போய் நின்றால் காற்று முதுகில் அடிக்கும். கடற்கரை அதேதான், மணலும் அதேதான். ஆனால் கைட் பிடிப்பவருக்கு அவை இரண்டு வேறு இடங்கள். ஒன்றில் விழுந்தால் கரை ஒதுங்குவீர்கள். மற்றதில் விழுந்தால் கடல் கொண்டுபோகும்.

இது எனக்கே நடந்தது. பழகத் தொடங்கி இரண்டாவது வருடம், ஓர் ஓகஸ்ட் மாதம், காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட ஒரு கரையில் இறங்கினேன். கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நிலமும் பனைகளும் காற்றை மறைப்பதால் கரையோரம் எப்போதும் அப்படித்தான் தெரியும். கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும் நாளில் ஆளை ஏமாற்றுவது அந்த அமைதிதான். முந்நூறு மீட்டர் தாண்டியதும் முழுக்காற்றும் பிடித்தது. கைட் விழுந்து ஒரு நூல் சிக்கி, திரும்ப எழும்பவே இல்லை. இரண்டு மணி நேரம் வெளியே போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பாக்கு நீரிணையும் அதற்கப்பால் வங்கக் கடலும்தான். நண்டு வலை எடுக்கப் போன வள்ளம் ஒன்று கண்டு ஏற்றியது. அதில் இருந்த பெரியவர் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வாடைக்கு விழுந்தால் கரை உன்னைத் தேடி வரும். சோளகத்துக்கு விழுந்தால் நீதான் கரையைத் தேட வேணும்." அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தில் கரை எந்தத் திசை பார்க்கிறது என்பதைத்தான்.

ஆகவே ஆகஸ்டில் வடக்கு பார்த்த கரை எதிலும் கைட் ஏற்ற வேண்டாம். காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை மட்டுமல்ல, காரைநகர் கசூரினாவும் இதில் அடங்கும். கசூரினாவில் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் போவதால் மகனைக் குளிக்க விடலாம், நல்ல இடம். ஆனால் காற்றடைத்த மிதவை, டியூப், பந்து எதையும் கையில் கொடுக்காதீர்கள். சோளகத்தில் அவை கடல் பக்கம் போகும். பிள்ளை அதைத் துரத்திக்கொண்டு போகும்.

நெடுந்தீவைப் பற்றி. சுமார் 50 சதுர கிலோமீட்டர் தீவு, நாலு பக்கமும் கரை இருக்கிறது, எந்தக் காற்றுக்கும் ஒரு கரை கிடைக்கும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்த யோசனை பிழையில்லை. சிக்கல் கரையின் தரையில் இருக்கிறது. அந்தத் தீவின் மதில்கள் எல்லாம் முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்) கட்டியவை. அதே கல்தான் கரையோரத் தண்ணீருக்குள்ளும் கிடக்கிறது. புதிதாகப் பழகுபவர் ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை விழுவார். முருகைக்கல்லில் ஒரு தடவை விழுந்தாலே காலும் முழங்காலும் கிழியும், அந்தக் காயம் ஆறவும் நாளெடுக்கும். அடுத்தது, குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல் மோசமான நாட்களில் சேவையை நிறுத்தியும் விடுவார்கள். கைட்டுக்கு நல்ல காற்று என்று நீங்கள் சந்தோஷப்படும் நாளில்தான் கடலும் குழம்பியிருக்கும். யாருக்காவது தோள் விலகினாலோ தலையில் அடிபட்டாலோ, பெரிய சிகிச்சைக்கு அந்தக் கடலைக் கடந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு வர வேண்டும். கைட் தெரிந்த நாலு பேர் போவது வேறு. ஏழு புதியவர்களோடு அங்கே தங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஒரு நாள் போய் வாருங்கள், கட்டாயம் போங்கள். குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சம், வெள்ளை மதில் ஒழுங்கைகள் எல்லாம் பெரியம்மாவும் மகனும் கூடவே வந்து பார்க்கக்கூடியவை. தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள், ஓகஸ்டில் அந்தத் தீவு காய்ந்து கிடக்கும்.

சரி, எங்கே பழகுவது? உங்கள் குழுவுக்கு என் பதில் கற்பிட்டி. யாழ்ப்பாணத்தவன் இப்படிச் சொல்ல மனம் வராது, ஆனால் உண்மை அதுதான். சோளகக் காற்று ஒடுக்கமான மணல் திட்டுகளைக் கடந்து களப்புக்குள் வருவதால் காற்று முழுதாக இருக்கும், தண்ணீர் மட்டும் தட்டையாக இருக்கும். இலங்கையில் கைட் பள்ளிகள் அதிகம் இருப்பதும் அங்கேதான். ஆளுக்கேற்ற அளவில் கைட்டும் மீட்புப் படகும் கிடைக்கும். கட்டுநாயக்காவில் இறங்கினால் புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் வரும் பாதையிலிருந்து கொஞ்சம் விலகினாலே போதும். முதல் நாலைந்து நாளை அங்கே வைத்துவிட்டு, பிறகு ஊருக்கு வாருங்கள். டொல்பின் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஓகஸ்டில் அதை நம்ப வேண்டாம். அதற்கான காலம் நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவும் ஓகஸ்டில்தான், அந்த நாட்களில் கற்பிட்டிக்குப் போகும் பாதை நிரம்பி வழியும். திகதியைப் பார்த்து அறை பிடியுங்கள்.

மன்னார் உங்கள் குழுவின் அந்த இரண்டு பேருக்கு. அங்கே காற்று எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைக்கு 30 கோபுரங்களை அந்தத் தீவின் கரையில் நட்டதற்குக் காரணமே அந்தக் காற்றுத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாகப் போனால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ராமர் பாலத்து மணல் திட்டுகளின் படங்களைப் பார்த்துவிட்டு அங்கே இறங்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பாதுகாப்புக்குள் வரும் இடம், கடற்படையின் பார்வையிலும் இருக்கிறது, இந்தியக் கடல் எல்லைக்கோடும் பக்கத்தில். அனுமதியை எழுத்தில் காட்டக்கூடிய ஆளோடு மட்டும் போங்கள். ஓகஸ்ட் 15 மடு மாதா கோவில் திருவிழா, மன்னார்ப் பக்கம் சனம் நிரம்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பழகவே முடியாதா என்று கேட்பீர்கள். மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கத்துப் பரவைக்கடலில் நானே பழக்குகிறேன். காற்று உண்டு, தண்ணீர் ஆழமில்லை, எங்கள் பக்கம் கடல் ஏறி இறங்குவதும் ஒரு மீட்டருக்குக் குறைவு. ஆனால் அந்தக் கடல் யாருக்கோ வயல். சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கும். அண்மைய வருடங்களில் கடலட்டைப் பண்ணைகளும் கம்பும் வலையுமாக அடைத்து நிற்கின்றன. கைட் இழுத்துக்கொண்டு போகும்போது ஒரு தடியில் மோதுவது மதிலில் மோதுவதற்குச் சமம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும் திட்டுகளும் உண்டு; புதியவருக்கு இடுப்பளவு தண்ணீர்தான் பாதுகாப்பு, அதற்குக் குறைந்தால் விழும்போது தரையில்தான் விழுவார். எந்த வாய்க்கால் இந்த மாதம் வெறுமையாக இருக்கிறது என்பது அங்கே தொழில் செய்பவருக்குத்தான் தெரியும். போன வருடம் நான் பாவித்த இடம் இந்த வருடம் பண்ணையாகிவிட்டது. அதனால் இங்கே இறங்குவதாயிருந்தால், முதல் நாளே அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் போய்ச் சொல்லுங்கள். எங்கே, எத்தனை பேர், எத்தனை மணி வரை என்று சொன்னால் போதும். பெரும்பாலும் அவர்களே வந்து இடம் காட்டுவார்கள். வலை அறுந்தால் பேரம் பேசாமல் காசைக் கொடுங்கள். ஒரு வீட்டின் அன்றைய உழைப்பு அது. அங்கே விழுந்து கிடந்தால் முதலில் வரப்போவதும் அவர்களுடைய வள்ளம்தான், எனக்கு வந்தது போல.

இனிப் பழகுவதைப் பற்றி. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பட்டம் தெரியும். முச்சையை (பட்டத்தில் நூல் பொருத்தும் கட்டு) ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டினால் பட்டம் எப்படி மாறும் என்று பத்து வயதிலேயே தெரியும். அந்த அறிவு பாதி வேலையை முடித்துவிடும். கைட்டும் அதே விதியில்தான் பறக்கிறது. காற்றுக்கு எந்தக் கோணத்தில் முகம் காட்டுகிறது என்பதுதான் எல்லாம். கைட்டில் அந்தக் கோணத்தைக் கையிலுள்ள பிடிதடியை (பார்) தள்ளியும் இழுத்தும் அந்த நேரமே மாற்றலாம். முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் இருப்பதால் தண்ணீரில் விழுந்தாலும் அமிழாமல் கிடந்து திரும்ப எழும்பும். இதை யோசித்து 1984இல் காப்புரிமை பெற்றவர்கள் பிரான்சைச் சேர்ந்த லெகெய்னூ சகோதரர்கள். அது வந்த பிறகுதான் கடலில் தனியே கைட் பிடிப்பது நடைமுறைக்கு வந்தது.

ஆனால் பட்டம் பழகிய கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: என்ன வந்தாலும் கயிற்றை விடக் கூடாது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றும்போது, மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, பிடித்திருந்த ஓர் இளைஞர் மேலே தூக்கப்பட்ட காணொளி உலகமெல்லாம் ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். அவர் உயிர் தப்பினார். அந்தக் காணொளியை நான் ஒவ்வொரு வகுப்பிலும் காட்டுகிறேன். கைட்டில் முதல் பாடம் பறப்பது அல்ல, விடுவது. இடுப்பில் கட்டிய ஹார்னஸில் கைட்டைப் பொருத்தும் இடத்தில் குயிக் ரிலீஸ் இருக்கும். தள்ளினால் கைட்டின் இழுவை போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும், தண்ணீருக்குள் தலைகீழாக இருந்தும் அதைத் தள்ள வரும்வரை நான் யாரையும் பலகையில் ஏற்றுவதில்லை. உங்கள் ஐந்து பேரையும் பழக்குபவர் முதல் நாள் இதைச் செய்யாவிட்டால், அவரிடம் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 15 நொட் காற்று 21 நொட் ஆனால் பார்க்கச் சின்ன மாற்றம். இழுக்கும் விசை இரட்டிப்பு. 20 நொட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். 75 கிலோ எடையுள்ளவர் அந்தக் காற்றில் 9 அல்லது 10 சதுர மீட்டர் கைட் பிடிப்பார். 25 நொட்டுக்கு 7, 8 மீட்டருக்கு இறங்கிவிட வேண்டும். காலையில் போட்ட கைட்டோடு பின்னேரமும் நின்றால் அடிபடுவது இதனால்தான். பலகையில் எழுந்து கொஞ்சத் தூரம் ஓட ஒரு சாதாரண ஆளுக்கு 8 முதல் 12 மணி நேரப் பயிற்சி தேவை. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உடம்பு தாங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் ஒரு கிழமையில் நாலு நாள் அதிலேயே போய்விடும். ஐந்து பேரில் மூன்று பேர் ஓடுவார்கள், இரண்டு பேர் இழுபட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அது தோல்வியில்லை, வழமை. போகமுதலே எல்லோரும் இதைப் பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் முகம் தொங்கும்.

குழு என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஏற்பாட்டாளர் பத்துப் பேரை ஒரே விலைக்குச் சேர்த்துக்கொண்டு வந்து இறக்கினார். பயிற்சியாளர்கள் நானும் இன்னொருவரும் மட்டும், மீட்புப் படகு இல்லை. வேலையை விடப் பயந்து நான் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு கைட்டின் நூல்கள் சிக்கி, ஒரு பெண்ணின் முன்கை எலும்பு உடைந்தது. அது என் பிழையும்தான், இன்றும் மனதில் கிடக்கிறது. நூல் ஒவ்வொன்றும் 20 மீட்டருக்கு மேல். இருவர் நடுவே, காற்றின் கீழ்ப்பக்கமாகக் குறைந்தது இரண்டு நூல் தூரம் வெறுமையாக வேண்டும். ஆகவே ஒரே நேரத்தில் மூன்று கைட்டுக்கு மேல் மேலே வேண்டாம். மிச்சப் பேர் சும்மா இருக்கத் தேவையில்லை. கைட்டைப் பிடித்துக் கொடுத்து ஏற்றவும் இறக்கிப் பிடிக்கவும் கரையில் ஓர் ஆள் எப்போதும் வேண்டும். அதை அரை மணி நேரத்தில் ஒழுங்காகப் படித்துக்கொள்ளலாம். அப்படி முறை வைத்துக்கொண்ட குழுக்கள் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை.

மகனுக்கு வயதைவிட எடைதான் முக்கியம். 40 கிலோவுக்குக் குறைந்தால் மிகச் சிறிய கைட்டும், பிள்ளைகளைப் பழக்கி அனுபவமுள்ள ஆளும் கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் மணலில் சின்னப் பயிற்சிக் கைட் போதும். பெரியம்மா பலகையில் ஏற ஆசைப்பட்டால் அவருடைய வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால், என் பொறுப்பில் நான் ஏற்றமாட்டேன். இந்த இரண்டிலும் முடிவு வீட்டாரும் வைத்தியரும் எடுக்க வேண்டியது.

காற்று விஷயத்தில் யாராலும் உறுதி தர முடியாத ஒன்று உண்டு. பருவம் உறுதி, நாள் உறுதியில்லை. ஓகஸ்டிலும் தொடர்ந்து ஒன்றிரண்டு நாள் காற்று படுத்துவிடலாம். கைபேசியில் வரும் எதிர்வுகூறல்கள் எங்கள் ஒடுக்கமான நிலத்துக்கு மேல் மத்தியான வெயில் செய்யும் மாற்றத்தைப் பல நேரம் தவறவிடும். காலையில் 14 நொட் காட்டிய நாளில் பின்னேரம் 22 பார்த்திருக்கிறேன். காற்றில்லாத நாளுக்கும் ஒரு திட்டம் வைத்திருங்கள். நெடுந்தீவுப் பயணத்தை அந்த நாளில் வையுங்கள், கடலும் சாந்தமாக இருக்கும்.

தண்ணீருக்குள் காலணி போடாமல் இறங்க வேண்டாம். மட்டியும் முள்ளும் உண்டு, மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் பயணக் காப்புறுதியில் கைட்சர்ஃபிங் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பலவற்றில் அடங்காது. ட்ரோன் கொண்டுவர நினைத்தால் அனுமதி எடுக்காமல் வேண்டாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் பெரும்பாலும் ஓகஸ்டைத் தொட்டே வரும், யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம். கற்பிட்டிக்கு முன்பே இங்கே அறையைப் பிடித்துவிடுங்கள். திகதி முடிவானதும் ஒன்பது பேரின் எடை, நீச்சல் தெரியுமா, முன்பு முறிவு ஏதும் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிப் பள்ளிக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு பேரும் கடைசியாக எந்த அளவு கைட்டை எத்தனை நொட்டில் பிடித்தார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்கும் பள்ளியையே தெரிவு செய்யுங்கள்.